நிலாவாரையும் நித்தியகல்யாணியும்: முத்துத்துறையின் இரு செடிகள்

முத்துக்குளித்துறை என்ற பெயர் காதில் விழுந்ததுமே கொற்கையும் பாண்டியரும் பரதவரும், கல்லோடு கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கும் மனிதர்களும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது இயல்பு. தூத்துக்குடியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், முத்தில் தொடங்கிச் சங்கைத் தொட்டு, உப்பளங்களைச் சுற்றிக்கொண்டு வ.உ.சி.யின் கப்பலில் ஏறிவிடுவது வழக்கமாகிப் போயிற்று. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே துறைமுகத்திலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலேறிவரும் மற்றொரு சரக்கைப் பற்றி நம் எழுத்துகளில் ஒரு வரியும் காண்பதற்கில்லை. அது இலை. தின்னும் இலையன்று, புகைக்கும் இலையுமன்று. உலர்த்தி, அழுத்தி, பொதியாகக் கட்டி அனுப்பப்படும் மருந்திலை.

கடலுக்குச் சற்று முதுகைக் காட்டிக்கொண்டு, இந்த இலை வணிகத்துக்கு உரிய இரண்டு செடிகளை இக்கட்டுரையில் பார்க்கலாம். ஒன்று நிலாவாரை. மற்றொன்று நித்தியகல்யாணி. இரண்டுமே இந்த மண்ணில் பிறந்தவையல்ல, கடல்வழி வந்தவை. இரண்டுக்கும் வெயில் வேண்டும், தேங்கும் நீர் ஆகாது. வீட்டு முற்றத்தில் வைத்தாலும் பூத்துக் குலுங்கும், காட்டில் விதைத்தாலும் காசு தரும். இத்தனை ஒற்றுமை இருந்தும், ஒரு செடி நம் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றுகிறது. மற்றது நம் ஊரிலேயே சுடுகாட்டுப் பூவாக நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதே நம் கேள்வி.

முதலில் பெயர்களின் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆவிரை என்பது சங்கப் பாடல்களை வாசித்தவர்களுக்குப் பழக்கமான பூ. மடலேறும் தலைவன் சூடிவரும் மஞ்சள் பூ அதுதான். இன்றும் தரிசு நிலங்களில் ஆவாரை என்ற பெயரில் பூத்துக் கிடக்கிறது. அதன் நெருங்கிய உறவுச் செடி அரேபியாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, ஆவாரையைப் போலவே மஞ்சளாகப் பூக்கவும், ஆனால் உயரத்தில் குறைந்து நிற்கவும் கண்டு நிலாவாரை என்று அழைத்தார்கள்; நிலவாகை என்பாரும் உண்டு. அரபு மொழியில் இது சனா. ஐரோப்பியர் வாயில் சென்னா ஆயிற்று. இதற்கெல்லாம் மேலாக ஒரு வேடிக்கை: தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து விவசாயிகள் பலர் இச்செடியை 'அவுரி' என்றே சொல்கிறார்கள். அவுரி என்பது நீலச் சாயம் தரும் வேறொரு செடி. நீலி என்றும் அதற்குப் பெயர். ஆகவே சந்தையில் ஒருவர் 'அவுரி என்ன விலை' என்று கேட்டால் அவர் சாயத்தைக் கேட்கிறாரா பேதிமருந்தைக் கேட்கிறாரா என்று இடமறிந்து பொருள் கொள்ள வேண்டியதுதான்.

நித்தியகல்யாணிக்கு இத்தகைய குழப்பம் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடாமல் பூப்பதால் அந்தப் பெயர். யாரும் நீரூற்றாத கல்லறை மேட்டிலும் தானாக முளைத்துப் பூப்பதால் சுடுகாட்டு மல்லி என்ற மற்றொரு பெயர். ஒரே செடிக்கு மணமேடைப் பெயர் ஒன்றும் மயானப் பெயர் ஒன்றும் வைத்த நம்மவர்களின் நகைச்சுவை உணர்வை மெச்சத்தான் வேண்டும். செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. 1759ல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னால் வந்த தாவரவியலார் இது வின்கா இனத்தைச் சேர்ந்ததன்று என்று கண்டு கேதராந்தஸ் என்று மாற்றினார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் தூய மலர். நாற்றுப்பண்ணைக்காரர்கள் இன்றைக்கும் பழைய பெயரை விடவில்லை. தொட்டியில் வைத்து 'வின்கா' என்றுதான் விற்கிறார்கள்.

இனி நிலாவாரையின் வரலாறு. அரபு மருத்துவர்கள் இதன் இலையையும் நெற்றையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மலமிளக்கியாகக் கையாண்டு வந்தார்கள். ஐரோப்பாவுக்கு அது எகிப்து வழியாகப் போயிற்று. நூபியா, சூடான் பகுதிகளில் காட்டிலிருந்து திரட்டிய இலை நைல் ஆற்றின் வழியே இறங்கி அலெக்சாந்திரியாவில் கப்பலேறியது. அதனால் 'அலெக்சாந்திரிய சென்னா' என்ற பெயர் நிலைத்தது. விளைந்த இடத்தின் பெயரன்று, ஏற்றிய துறைமுகத்தின் பெயர் என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அரேபியக் கரையில் காட்டில் பறித்த இலை பம்பாய் வழியாகப் போய், மட்டமான சரக்கு என்ற பெயரை வாங்கிக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் இதே செடியை விதைத்துப் பயிர் செய்தார். காட்டில் பறித்த இலைக்கும் தோட்டத்தில் வளர்த்த இலைக்கும் உள்ள வேறுபாடு லண்டன் சந்தையில் உடனே தெரிந்துவிட்டது. அலெக்சாந்திரியச் சரக்கில் உடைந்த இலையும் காம்பும், ஆர்கெல் என்னும் வேறு செடியின் இலையும் கலந்து வருவதாக அக்காலத்து மருந்து நூல்கள் ஓயாமல் குறைபட்டுக்கொண்டிருந்தன. திருநெல்வேலி இலையோ நீளமானது, முழுமையானது, மஞ்சள் கலந்த பசுமை மாறாதது, கலப்படமும் அற்றது. 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயர் அங்கே பிறந்தது. பிறகு பிரிட்டிஷ் மருந்து நூலிலும் ஐரோப்பிய மருந்து நூலிலும் அலெக்சாந்திரிய நெற்று ஒரு தலைப்பாகவும் திருநெல்வேலி நெற்று மற்றொரு தலைப்பாகவும் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன.

இங்கே இரண்டு செய்திகள் நம்மைச் சற்று நிறுத்துகின்றன. முதலாவது, அலெக்சாந்திரியாவுக்குப் பின்பற்றிய வழக்கப்படி பார்த்தால் இந்த இலைக்குத் 'தூத்துக்குடி சென்னா' என்றுதான் பெயர் அமைந்திருக்க வேண்டும், கப்பலேறியது அங்கேதான். மாவட்டத் தலைநகரின் பெயரை வைத்துவிட்டார்கள். 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் இலை மட்டும் பழைய மாவட்டத்திலேயே குடியிருக்கிறது. இரண்டாவது செய்தி இதைவிடச் சுவையானது. அலெக்சாந்திரியம், திருநெல்வேலி என்று இரண்டு தனி இனங்களாக எழுதிவைத்த செடிகள் உண்மையில் ஒரே இனம் என்று பிற்காலத் தாவரவியலார் முடிவு செய்துவிட்டார்கள். அப்படியானால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வணிகர்கள் கண்ட வேறுபாடு பொய்யா? பொய்யன்று. வேறுபாடு பெரும்பாலும் விதையில் இல்லை. பயிர் செய்த முறையிலும் பறித்த பக்குவத்திலும் உலர்த்திய நிழலிலும் இருந்தது. அந்தப் பெயர் செடிக்குக் கிடைத்ததென்று சொல்வதைவிட, பெயர் தெரியாத உழவர்களின் கைப்பழக்கத்துக்குக் கிடைத்ததென்று சொல்வதே பொருந்தும் என்பது நம் கருத்து.

அந்தக் கைப்பழக்கம் என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடலாம். நிலாவாரை விதையின் மேல்தோல் கல்லைப் போன்றது. அப்படியே விதைத்தால் பாதி உறங்கிக் கிடக்கும். பருமணலோடு சேர்த்துத் தேய்த்துத் தோலைக் கீறிவிட வேண்டும், அல்லது ஓரிரவு நீரில் ஊறவைக்க வேண்டும். செம்மண்ணிலும் வரும், வடிகால் சரியாக இருந்தால் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலிலும் வரும். சற்றே உவர்ப்பு இருந்தாலும் முகம் சுளிப்பதில்லை. தூத்துக்குடிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டுவது. மீதி நாளெல்லாம் வெயில்தான். நெல்லுக்கும் வாழைக்கும் இது கொடுமை. நிலாவாரைக்கோ இதுவே கொண்டாட்டம். மழையை ஒட்டி முளைத்து, ஆழமாக வேர் இறக்கி, பின்பனிக் காலத்து வறண்ட காற்றில் இலை முற்றுகிறது. முற்றிய இலையின்மேல் மழை பெய்தால் நிறம் கெடும், மருந்துச் சத்தும் குறையும். ஆகவே முளைக்கும்போது மழையும் முற்றும்போது வெயிலுமாக அது கேட்ட வரிசை எதுவோ, அதே வரிசையில் இக்கடற்கரையின் வானம் கொடுத்திருக்கிறது.

பயறு குடும்பத்துச் செடியென்றாலும் உளுந்தைப் போல வேர்முடிச்சு வைத்து மண்ணை வளப்படுத்தும் குணம் இதற்கு இல்லை. எடுப்பதை எடுத்துக்கொண்டு போகிற செடி. விதைத்த இரண்டு மூன்று மாதத்தில் முதல் உருவல், அடுத்த ஒரு மாதத்தில் இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில் மூன்றாவது. இடையில் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு இலை பெருகும். இலையை வெயிலில் போடக்கூடாது என்பதுதான் முதன்மையான விதி. இத்தனை வெயிலுள்ள ஊரில் நிழல் தேடி, மெல்லிய படுகையாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை உலர்த்த வேண்டும். அப்போதுதான் அந்த மஞ்சள் பசுமை நிற்கும். மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் உலர்ந்த இலை, பாசனம் உண்டென்றால் இரண்டு டன் என்பது பொதுவான கணக்கு. இலையைத் தின்னவரும் மஞ்சள் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழு ஒன்று உண்டு. அது ஆவாரையையும் தின்பது என்பதால் உறவு தெரிந்துதான் வருகிறது.

பிறகு பொதி. பஞ்சைப் பொதியாக அழுத்தி அனுப்பியே பெயர் வாங்கிய ஊருக்கு இலையை அழுத்துவது கடினமான வேலையன்று. ஆனால் அந்த அழுத்தம் இலையின்மேல் ஒரு தழும்பை விட்டுவிடுகிறது. ஓர் இலையின் விளிம்பு அடுத்த இலையின்மேல் பதிந்து மெல்லிய கோடாகத் தெரியும். மருந்துச் சரக்குகளை இனங்காணக் கற்பிக்கும் மேலைநாட்டுப் பாடநூல்கள், திருநெல்வேலி இலையின் அடையாளங்களுள் ஒன்றாக இந்தத் தழும்பையே குறிப்பிடுகின்றன! எங்கோ ஒரு கல்லூரியில் மாணவரொருவர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு தேடிய கோடு இங்கே அழுத்தத்தில் விழுந்த கோடு.

நித்தியகல்யாணி இந்தக் கரைக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அழகுச் செடிகளுக்கு அந்த வசதி உண்டு. விலையில்லாத பொருளுக்குச் சுங்கக் கணக்கில் இடமில்லை. மடகாஸ்கர் விதை பாரிஸ் அரச தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்துக்கு வந்து, பிலிப் மில்லரின் கையில் பூத்தது. பின்னர் ஐரோப்பியக் குடியேற்றங்கள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் அது வேலி தாண்டி ஓடிவிட்டது.

வளர்ப்பு முறையில் நிலாவாரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள் நுட்பமானவை. இதன் விதை எள்ளைவிடச் சிறியது. கீறவும் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். ஆனால் வெளிச்சம் பட்டால் முளைக்கத் தயங்கும். மணலோடு கலந்து தூவி மேலே மெல்ல மூடி இருட்டாக்கினால் ஒழுங்காக முளைத்துவிடும். நிலாவாரைக்குக் காயம் வேண்டும், நித்தியகல்யாணிக்கு இருட்டு வேண்டும். மண்ணில் இது மணற்பாங்கையும் செம்மண்ணையும் விரும்பும். களர் மிகுந்த இறுகிய மண்ணை ஒதுக்கும். மடகாஸ்கரில் கடற்கரை மணலில் வளர்ந்த செடிக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்து மணல் அந்நியமாகத் தோன்றுவதற்கில்லை. நீர் தேங்கினால் வேர் அழுகித் தலை சாய்ந்துவிடும் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. வீட்டில் வளர்ப்பவர்கள் இச்செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்பினால்தான். நாள்தோறும் ஊற்றும் நீரே அதற்கு எமன். இலையின் கசப்பும் நஞ்சும் காரணமாக ஆடுமாடுகள் வாய்வைப்பதில்லை. வேலியில்லாத நிலத்திலும் பயிர் நிற்கும். ஆனால் பொறுமை வேண்டும். நிலாவாரை ஐந்து மாதத்தில் கணக்கை முடித்துவிடும். நித்தியகல்யாணி ஓராண்டு கேட்கும். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை உருவி, பன்னிரண்டாம் மாதம் செடியை வேரோடு பிடுங்கி, வேரையும் தனியாகக் கழுவி உலர்த்த வேண்டும். மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் இரண்டு டன் இலையும் முக்கால் டன் வேரும் கிடைக்கும் என்பது நூற்கணக்கு.

இந்த அழகுச் செடி விலைபொருளான கதை நடந்தது கனடாவில். ஜமைக்கா மக்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். அந்த இலையில் கொஞ்சம் 1952ல் கனடாவுக்கு வந்து, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளின் ஆய்வகத்தை அடைந்தது. சர்க்கரை குறையவில்லை. ஆய்வெலிகளின் வெள்ளணுக்கள்தாம் குறைந்தன. வேறொருவராயின் மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அந்தத் தோல்வியையே துருவி, 1958ல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் தனியே நடந்த ஆய்வு வின்கிரிஸ்டினைத் தந்தது. 1963ல் அது மருந்தாக ஏற்கப்பட்டது. வேறு மருந்துகளோடு சேர்த்துக் குழந்தைகளின் இரத்தப்புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இவ்விரண்டும் இருக்கின்றன. அதே பட்டியலில் நிலாவாரையும் இருக்கிறது. தாவரவியலார் கைவிட்ட 'வின்கா' என்ற பெயர் மருந்தின் முதலெழுத்துகளில் பிழைத்துக்கொண்டது.

அதன்பின் தென் தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் நித்தியகல்யாணி பயிராக ஏறியது. இலை அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும், இரத்த ஓட்டத்துக்கான மருந்துப்பொருள் ஒன்றைக் கொண்ட வேர் ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளுக்கும் போயின. வரலாற்றின் மடிப்புகளில் இது ஒன்று: முத்துக்குளிப்பு நின்றுபோன காலமும் அதுவே. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புக்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் மீண்டும் அப்படியொரு குளிப்பு நடைபெறவில்லை. 1973ல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது ஆய்வகத்தின் வெற்றி, பழைய சலாபத்தின் மறுபிறப்பன்று.

முத்தைப் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது என்பது தொடங்கும்போதே நமக்குத் தெரியும். காரணம் இருக்கிறது. முத்துச் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலேயே விற்றார்கள். ஆங்கில அரசு நடத்திய குளிப்பில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டை அரசு எடுத்துக்கொண்டு ஒன்றைக் குளித்தவர்களுக்கு விட்டது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே முத்திருக்கிறதா, பொடியா, வெறும் சதையா என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அரசின் பெரும்பங்கை நியாயம் என்று சொல்ல வரவில்லை. 'எரித்திரியக் கடற்பயணம்' என்ற பழைய கிரேக்க நூல் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சொல்வதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அறியாமை அங்கே இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. குளித்தவர் தம் பங்கின் சிப்பியைத் தாமே திறந்து பார்க்கலாம், கடற்கரையிலேயே விற்றும்விடலாம்.

திறந்த பிறகோ, முத்தை மதிப்பிடும் அறிவு முழுக்க இங்கேயே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வாசித்தவர்களுக்கு அந்தச் சொற்கள் நினைவிருக்கும்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். ஒவ்வொரு சொல்லும் ஒரு தரம், ஒரு விலை. நிறுப்பதற்குக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியும். கடலோரத்து மனிதருக்குத் தம் பொருளின் மதிப்பைத் தம் மொழியிலேயே சொல்லத் தெரிந்திருந்தது.

நிலாவாரையில் அந்த அறிவின் பாதி நம் கையில் இருந்தது. இலையின் நீளம், நிறம், முழுமை ஆகியவற்றை உழவரும் கண்ணால் பார்க்கலாம், லண்டன் வணிகரும் கண்ணால் பார்க்கலாம். பேரம் பேச அது போதும். 1941ல் ஸ்விட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் உடனிருந்தோரும் இந்த இலையின் செயற்பொருளைப் பிரித்து சென்னோசைடு என்று பெயரிட்டார்கள். குடலின் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பின்பே வேலை செய்யும் என்பதால் இரவில் உண்டால் காலையில் பலன் என்று நம் பாட்டிமார் சொன்ன கணக்குக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றுமுதல் மதிப்பு கண்ணிலிருந்து சோதனைக்கூடத்துக்கு நகரத் தொடங்கியது. நிறமுள்ள இலையா என்ற கேள்வி, எத்தனை விழுக்காடு சென்னோசைடு என்று மாறியது.

நித்தியகல்யாணியிலோ தொடக்கம் முதலே முழு இருட்டு. செழித்து வளர்ந்த இலையில் சத்து மிகுதி என்றும் சொல்ல முடியாது, வாடிய இலையில் குறைவு என்றும் சொல்ல முடியாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று கணக்குச் சொல்வது வழக்கம். மானாவாரியில் ஒரு ஹெக்டேரின் ஓராண்டு இலையைக் கூட்டினால் நான்கு கிராம்! ஒரு கழஞ்சுக்கும் குறைவு. முத்தென்றால் அந்தக் கழஞ்சு கடற்கரையிலேயே தட்டில் ஏறியிருக்கும். இலையில் அது எங்கோ ஒரு நாட்டில் ஏறுகிறது. இங்கே உழவர் விற்பது மூட்டை, வாங்கும் விலை கிலோவுக்கு. திறக்காத சிப்பியைப் போன்றதுதான் இந்த மூட்டையும்; ஆனால் வாங்குபவரிடம் திறவுகோல் இருக்கிறது.

பெயர் ஏன் ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்கவில்லை என்ற நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. இலை இலையாகவே மருந்துக்கடை வரை போன காலத்தில், அது எந்த ஊர் இலை என்று கேட்க வேண்டிய தேவை இருந்தது. நித்தியகல்யாணி இலையாகப் போய்ச் சேரும் இடம் ஆலையின் வாயில் மட்டுமே. அதற்குப் பிறகு அது நிறமற்ற ஒரு திரவம். திரவத்துக்கு ஊர் கிடையாது. 2022ல் இந்த மருந்துகளின் மூலப்பொருள்களை நொதியுயிரிகளைக் கொண்டே ஆய்வகத்தில் உருவாக்கும் வழியும் வெளியாகிவிட்டது. அது ஆலை அளவுக்கு வளர்ந்தால் இலையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

கிடைத்த பெயரும் எத்தனை நாள் என்பதும் ஐயமே. இன்று ராஜஸ்தானத்து மணலில் நிலாவாரை பெருமளவில் பயிராகிறது. அந்த இலையும் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா'தான். பெயர் ஊரிலிருந்து கழன்று செடியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அங்குள்ள உழவர்மேல் நமக்கு வருத்தமில்லை. அரேபியச் செடிக்கு நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டபோது அரேபியாவைக் கேட்டா வைத்தோம்? வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியார் இந்தப் பகுதிக்கென்றே ஒரு நிலாவாரை இரகத்தைத் தேர்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்; அதன் பெயரில் கிள்ளிகுளத்தின் எழுத்துகள் இருக்கின்றன. மருந்துக்கடைப் பெட்டியின்மேல் அவை அச்சாவதில்லை.

தூத்துக்குடிக்குப் போகும் நண்பர்கள் கொற்கையைப் பார்க்கத் தவறுவதில்லை. பழந்துறை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்வாங்கி, வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. மார்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஏடனிலிருந்தும் ஹோர்முசிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதாக எழுதிய காயலும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. ஏடன் பக்கத்து மலைச்சரிவுகள் நிலாவாரையின் சொந்த ஊர். அந்தக் குதிரைகளோடு வந்த வணிகர்களின் மருந்துப்பையில் இந்தச் சருகு ஒரு பிடியேனும் இருந்திருக்காதா என்று நினைத்துப் பார்ப்பது கற்பனைதான். ஆனால் தகாத கற்பனையன்று.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள், வழியில் ஏதேனும் ஒரு களத்து நிழலில் சாக்கு விரித்து உலர்த்தியிருக்கும் இலையைக் கண்டால் சற்று வண்டியை நிறுத்துங்கள். ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் தேயிலையை நினைவூட்டும் மெல்லிய மணம் இருக்கும். எடுத்ததைத் திரும்பப் போடும்போது பரப்பித்தான் போட வேண்டும். குவித்துப் போட்டால் கறுத்துவிடும் என்று களத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.